விம்மல் அடங்கும் வரை

அந்த ஆடியோ இரவு பதினொன்றே காலுக்கு வந்தது. 38 விநாடி. மேலே ஒரு வார்த்தை இல்லை, கீழே ஒரு வார்த்தை இல்லை. அனுப்பியவள் ஒரு வருடம் ஏழு மாதமாக என்னிடம் முகம் கொடுத்துப் பேசாதவள்.

எனக்கு அப்போது 18 வயது. இருட்டிலேயே காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். வயலின். முதல் இரண்டு சுரம் விழுந்ததுமே தெரிந்துவிட்டது, அது எங்கள் மெட்டு. பதினைந்து வயதில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போட்டது. அதில் அவள் போட்ட முதல் பாதியை மட்டும் வாசித்திருந்தாள். என் பாதி தொடங்க வேண்டிய இடத்தில் வில்லை எடுத்துவிட்டாள். அப்புறம் நாலு விநாடி வெறும் அறைச் சத்தம். எங்கோ ஒரு மின்விசிறி.

அந்த நாலு விநாடியை எத்தனை தடவை கேட்டேன் என்று கணக்கே இல்லை.

நாங்கள் பழகத் தொடங்கியதே ஒரு இயர்ஃபோனால்தான். 13 வயது. இருந்தது ஒரே இயர்ஃபோன். இடது காது எனக்கு, வலது காது அவளுக்கு. ஸ்டீரியோவில் பதிவான பாட்டில் இரண்டு காதுக்கும் ஒரே சத்தம் வருவதில்லை. ஒரு கருவியை இடப்பக்கம் ஒதுக்கியிருப்பார்கள், இன்னொன்றை வலப்பக்கம். பக்கத்துப் பக்கத்தில் தோள் உரச உட்கார்ந்துகொண்டு, ஒரே பாட்டை ஆளுக்கொரு விதமாகக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"உனக்கு அந்த கிட்டார் கேக்குதா?"

"இல்லடி. எனக்கு யாரோ பின்னாடி ஹம் பண்றது மட்டும்தான் கேக்குது."

உடனே காது மாற்றிக்கொள்வோம். பாட்டை முதலிலிருந்து ஓட விடுவோம். அவள் கேட்டது எனக்குக் கிடைக்கும், நான் கேட்டது அவளுக்கு. ஒரு பாட்டை முழுதாகக் கேட்க எங்களுக்கு இரண்டு தடவை தேவைப்பட்டது. நான் கிட்டார் கற்றுக்கொண்டிருந்தேன், அவள் வயலின். எங்களுக்குள் வேறு பெரிய ஒற்றுமை எதுவும் இல்லை. அவள் கணக்கில் கெட்டி, நான் ஓவியம் வரைபவள். அவள் நாலு பேர் கூடினால் ஒதுங்குவாள், நான் அந்த நாலு பேருக்கும் நடுவில் இருப்பேன்.

நெதர்லாந்தில் பதின்வயதுத் தோழர்களை ஓராண்டு பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2009-ல் வெளிவந்தது. இசை ரசனை ஒத்துப்போவது புதிய நண்பரைத் தேர்ந்தெடுப்பதோடு தொடர்புடையது என்று அது காட்டியது. ஆனால் ஏற்கனவே இருக்கும் நட்பு முறியுமா, முறியாதா என்பதற்கும் ரசனை ஒத்துப்போவதற்கும் அதில் தொடர்பு தெரியவில்லை. பல வருடம் கழித்து இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எங்களைச் சேர்த்து வைத்ததும் பாட்டுதான். அதுவே எங்களைப் பிரியாமல் காத்துவிடும் என்று நான் நம்பியிருந்தேன்.

பிரிந்ததும் பாட்டால்தான்.

16 வயதில், பள்ளிகளுக்கு இடையே நடந்த ஒரு போட்டியில் தனி வாசிப்புப் பிரிவில் பெயர் கொடுத்திருந்தேன். வாசிக்க ஒன்று தயார் செய்து வைத்திருந்தேன். அது சரியாக அமையவில்லை. கடைசி நாள் பயத்தில் எங்கள் மெட்டை எடுத்துக்கொண்டு மேடையேறிவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை. சொல்ல நேரம் இல்லை என்று அப்புறம் எல்லோரிடமும் சொன்னேன். நேரம் இருந்தது. முந்தின நாள் மாலை முழுக்க அவள் என் கூடத்தான் இருந்தாள்.

வாசித்து முடித்ததும் அறிவிப்பாளர் மைக்கில் கேட்டார், "அருமை, இது சொந்த மெட்டாம்மா?" நான் தலையாட்டினேன். ஒரே ஒரு தடவை. அவள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் கை தட்டினார்கள், அவளும் தட்டினாள். அந்தக் கைத்தட்டல் இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. உள்ளங்கைகள் ஒன்றையொன்று தொட்டதே ஒழிய, சத்தம் வந்திருக்காது.

மறுநாள் கேட்டாள். "அது உன்னோடதா?"

அப்போதே ஒத்துக்கொண்டிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். நான் சொன்னது இது: "ஆரம்பத்துல நாலு சுரம் உன்னோடது. மீதியெல்லாம் நான்தானே போட்டேன்."

ஒரு வாரத்தில் அவளும் தன் பங்குக்குச் செய்தாள். எங்கள் வீட்டில் அப்போது நடந்துகொண்டிருந்த ஒரு விஷயம் அவள் ஒருத்திக்கு மட்டுமே தெரியும். அது வகுப்பு முழுக்கத் தெரிந்துவிட்டது. யார் சொன்னார்கள் என்று நான் விசாரிக்கவே இல்லை. விசாரிக்க என்ன இருக்கிறது?

ஒரே வகுப்பறையில் பேசாமல் இருப்பது பெரிய உழைப்பு. அவள் எந்தப் படிக்கட்டில் இறங்குவாள், எந்த மணிக்குத் தண்ணீர் பிடிக்கப் போவாள் என்பதெல்லாம் மனப்பாடமாகத் தெரிய வேண்டும். பழகிய காலத்தில்கூட அவளை நான் அவ்வளவு கவனித்ததில்லை. தவிர்க்க முடியாமல் பேச வேண்டி வந்தால், ஒரு நோட்டை நீட்டிக்கொண்டு, "இதை அங்க குடுக்கச் சொன்னாங்க" என்பாள். 'நீ' என்றுகூட வராது. 'டி' போய்விட்டது. நான் அதிகமாக ஏங்கியது அந்த ஓரெழுத்துக்குத்தான். வேறு யார் வேண்டுமானாலும் என்னை 'டி' போட்டுக் கூப்பிட்டார்கள், அவள் மட்டும் கூப்பிடவில்லை.

பெரியவர்கள் சும்மா இருக்கவில்லை. அம்மா, "போய் ஒரு சாரி சொல்லிட்டு வாயேன், என்ன குறைஞ்சுடப் போகுது?" என்று தினமும் கேட்டார். ஒரு ஆசிரியை எங்கள் இருவரையும் தனியாக அழைத்து, நேருக்கு நேர் நிறுத்தி, கை குலுக்க வைத்தார். அவர் மனசு நல்ல மனசு, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கை குலுக்கலுக்கு அப்புறம்தான் எங்கள் மௌனம் கல்லாக இறுகியது. அதுவரை இரண்டு பேரும் சண்டை போட்டவர்களாக இருந்தோம். அன்றைக்குப் பிறகு, பொய்யாகச் சமாதானம் ஆனவர்களாகிவிட்டோம். உண்மையாகச் சமாதானம் ஆவதற்கு இருந்த வழியையும் அது அடைத்துவிட்டது.

அந்த வயதில் எதிரெதிரே நின்று கண்ணைப் பார்த்துப் பேசு என்றால் பேச்சு வராது. யார் தப்பு என்ற கேள்விதான் முன்னால் வந்து நிற்கும். அந்தக் கேள்விக்கு இருவருக்கும் பிடித்த ஒரே பதில் கிடைக்கவே கிடைக்காது.

சரி, அந்த 38 விநாடிக்கு வருகிறேன்.

பள்ளி முடிந்து கல்லூரியில் சேர்ந்திருந்த நேரம். அவள் ஒரு கல்லூரி, நான் ஒரு கல்லூரி. அந்த ஆடியோவை மூன்று நாள் வைத்துக்கொண்டு திண்டாடினேன். இது அழைப்பா, இல்லை 'இதுதான் என்னுடையது, பார்த்துக்கொள்' என்று எல்லைக்கோடு போடுகிறாளா? கேட்கும் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி தோன்றியது. பதிலுக்கு எழுத ஆரம்பித்து அழித்தேன். 'எப்படி இருக்க' என்று எழுதினால் நடந்ததை மறைப்பது போல இருந்தது. 'மன்னிச்சிடு' என்று எழுதினால், அவள் கேட்காததைத் திணிப்பது போல இருந்தது.

மூன்றாவது நாள் கிட்டாரை உறையிலிருந்து எடுத்தேன். பல மாதமாகத் தொடாத கிட்டார். கம்பிகள் கறுத்து, தொட்டால் விரலில் இரும்பு வாடை ஒட்டியது. ஒழுங்காக வாசிப்பவர்களின் இடது கை விரல்நுனிகள் காய்த்துத் தடித்திருக்கும். என் விரல்கள் பழையபடி மெத்தென்று ஆகியிருந்தன. கம்பி மாற்றி, அழுத்திப் பிடித்த கால் மணி நேரத்தில் நுனியெல்லாம் கோடு கோடாகச் சிவந்துவிட்டது.

என் பாதியை வாசித்து அனுப்புவதுதான் முதலில் தோன்றியது. அவள் நிறுத்திய இடத்தில் நான் தொடங்குவது. பதிவு செய்து கேட்டேன். கேட்டவுடன் அழித்துவிட்டேன். 'மீதியெல்லாம் நான்தானே போட்டேன்' என்று மறுபடி சொல்வது போலவே இருந்தது.

அதனால் வேறொன்று செய்தேன். அவளுடைய ஆடியோவை ஒரு காதில் ஓட விட்டு, அந்த 38 விநாடிக்கு அடியில் துணையாக வாசித்தேன். மெட்டு எதுவும் கிடையாது. அவள் வாசிப்பதைத் தாங்கிப் பிடிக்கிற கார்டுகள் மட்டும், அதாவது பல சுரங்கள் சேர்ந்து ஒன்றாக ஒலிப்பது. அது சுலபம் என்று நினைத்துத்தான் தொடங்கினேன். முதல் பத்து முயற்சியும் சரியாக வரவில்லை. காரணம் அவள் மூன்றாவது அடியின் கடைசி சுரத்தை ஒரு இம்மி நீட்டுகிறாள். வில்லைத் திருப்புவதற்கு முன் மூச்சு வாங்குகிறாள். அந்த இம்மி எனக்குத் தெரியவில்லை என்றால் என் கார்டு அவள் கழுத்தில் போய் விழும். அவள் எங்கே தாமதிக்கிறாள், எங்கே அழுத்துகிறாள், எங்கே கையை விட்டுவிடுகிறாள் என்று நாற்பது ஐம்பது தடவை கேட்டேன். சண்டைக்கு முன்பும் சரி, பின்பும் சரி, நான் அவளை அப்படிக் கேட்டதே இல்லை. அவள் பேசும்போதெல்லாம் அடுத்து நான் என்ன சொல்லலாம் என்பதுதான் என் மனசில் ஓடிக்கொண்டிருக்கும்.

வயலினையும் கிட்டாரையும் சேர்த்து அனுப்பினேன். வார்த்தை எதுவும் எழுதவில்லை.

நாலு நாள் கழித்து பதில் வந்தது. என் பாதி. அவள் வயலினில். கடைசியில் ஒரு சுரத்தை மட்டும் மாற்றியிருந்தாள். சுருக்கென்று கோபம் வந்தது. என்னுடையதில் ஏன் கை வைக்கிறாள்? மறுபடி கேட்டேன். அவள் மாற்றியது நான் போட்டதைவிட நன்றாக இருந்தது. அப்படியே வைத்துக்கொண்டேன்.

இப்படி ஆறு வாரத்தில் பதினோரு ஆடியோ. இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே. ஒரு எழுத்துகூட நாங்கள் எழுதிக்கொள்ளவில்லை. எட்டாவதோ ஒன்பதாவதோ வந்தபோது, வாசித்து முடித்ததும் அவள் தும்மியது பதிவாகியிருந்தது. அதை அவள் வெட்டாமல் அனுப்பியிருந்தாள். அந்தத் தும்மலைக் கேட்டுத்தான் நான் அழுதேன், வயலினைக் கேட்டு அல்ல.

ரொம்ப நாள் கழித்துக் கேட்டேன், அந்த முதல் ஆடியோவை ஏன் அனுப்பினாய் என்று. "கோவத்துலதான்டி அனுப்பினேன். பழைய போன்ல நம்ம ரெக்கார்டிங் கிடைச்சுது. கேக்கக் கேக்க ஆத்திரமா வந்துச்சு. இது என்னோடதுன்னு உனக்குத் தெரியணும்னு வாசிச்சு அனுப்பினேன்." பாதியை என்னுடையது என்றும் நினைத்ததால்தான் அங்கே நிறுத்தினாளாம். கோபத்திலும் அந்த நியாயம் அவளிடம் இருந்தது. அதற்கு நான் என் பாதியை வாசித்து அனுப்பியிருந்தால், அன்றோடு எல்லாம் முடிந்திருக்கும் என்றாள்.

பன்னிரண்டாவது தடவை ஆடியோ வரவில்லை, வீடியோ அழைப்பு வந்தது. எடுத்தேன். இரண்டு பேர் முகத்திலும் என்ன வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "கேக்குதா?" "கேக்குது." "இப்ப?" "ம்." அவ்வளவுதான் பேச்சு. வயலினைத் தோளில் வைத்தாள். நான் கிட்டாரை மடியில் வைத்தேன். சேர்ந்து வாசிக்க ஆரம்பித்தோம்.

முடியவே இல்லை. நான் அவளுக்காகக் காத்திருந்தேன், அவள் எனக்காகக் காத்திருந்தாள். ஒவ்வொரு அடிக்கும் இருவரும் மெதுவாகிக்கொண்டே போய், கடைசியில் நின்றே போய்விட்டோம். காரணம் அப்போது புரியவில்லை, அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. அதாவது, ஒரு மில்லி விநாடிக்கு ஏறத்தாழ 34 சென்டிமீட்டர். இருவர் சேர்ந்து தாளம் பிசகாமல் வாசிக்க, ஒருவர் சத்தம் இன்னொருவருக்குச் சுமார் 25 முதல் 30 மில்லி விநாடிக்குள் போய்ச் சேர வேண்டும். காற்றில் அது ஒன்பது, பத்து மீட்டர் தூரம், ஒரு பெரிய அறை. வழக்கமான வீடியோ அழைப்பில் தாமதம் அதைப் போலப் பல மடங்கு. பேச்சுக்கு அது தெரிவதில்லை, தாளத்துக்குத் தெரிந்துவிடுகிறது. எங்களுக்கு ஒரே அறைக்குள் இருந்தால்தான் சேர்ந்து வாசிக்க முடியும்.

மூன்றாவது முயற்சியும் குலைந்தபோது அவள் வில்லை இறக்கிவிட்டுச் சொன்னாள். "இது ஆகாது. வீட்டுக்கு வா."

'வா' மட்டும். இன்னும் 'டி' வரவில்லை.

அவள் அம்மா கதவைத் திறந்தார். ஒரு நொடி என்னைப் பார்த்தார். "மேல இருக்காம்மா" என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்காததற்கு அவருக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். மாடி அறையில் அவள் ஜன்னல் பக்கம் பார்த்து நின்றிருந்தாள். நான் உட்கார்ந்தேன். உறையைத் திறப்பது, வில்லை முறுக்குவது, வில்லுக்கு ரோசனம் தேய்ப்பது என்று செய்ய வேலை இருந்தது நல்லதாகப் போயிற்று. சும்மா கைகளோடு இருந்திருந்தால் நான் எழுந்து போயிருப்பேன்.

அப்புறம் சுருதி சேர்த்தோம்.

இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். வயலினில் ஏ என்ற சுரத்துக்கான கம்பியை 440 ஹெர்ட்ஸுக்கு, அதாவது விநாடிக்கு 440 அதிர்வுக்கு வைப்பார்கள். கிட்டாரின் ஐந்தாவது கம்பி 110. அந்தக் கம்பியை அழுத்தாமல், ஐந்தாவது ஃபிரெட்டுக்கு (கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோட்டுக்கு) நேர் மேலே விரல்நுனியால் பட்டும் படாமலும் தொட்டு மீட்டினால் அது நாலு மடங்காகி மணி மாதிரி 440-ல் ஒலிக்கும். அவள் தன் ஏ கம்பியில் நீளமாக வில்லை இழுத்தாள், நான் அந்த மணியை அடித்தேன். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் ஒன்றல்ல. அப்படி இருக்கும்போது சத்தம் நிலையாக நிற்காது. ஏறி இறங்கி, ஏறி இறங்கித் துடிக்கும். ஒன்று 440, இன்னொன்று 443 என்றால் விநாடிக்கு மூன்று துடிப்பு. வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவு துடிப்பு. இயற்பியல் பாடப் புத்தகத்தில் இதன் பெயர் 'விம்மல்'. தேர்வுக்காக அதன் சூத்திரத்தை உருப்போட்டிருக்கிறேன். அந்தச் சொல்லை யோசித்ததில்லை.

அந்த அறையில் அது நிஜமாகவே விம்மியது. வா... வா... வா... என்று. நான் திருகாணியைத் துளி திருப்பினேன். இன்னும் வேகமாகியது. தப்பான பக்கம். மறுபக்கம் திருப்பினேன். விம்மல் மெதுவாகியது. விநாடிக்கு இரண்டு. ஒன்று. அப்புறம் இரண்டு விநாடிக்கு ஒன்று. அவள் வில்லை நிறுத்தாமல் இழுத்துக்கொண்டே இருந்தாள். ஒருவர் நிலையாக நின்று கொடுத்தால்தான் இன்னொருவர் வந்து சேர முடியும். அவள் அசையாமல் நின்றாள். கடைசியில் ஒரு பெரிய நீளமான அலை, அதற்குப் பிறகு அதுவும் இல்லை. இரண்டு கருவியும் ஒரே சத்தமாக நின்றன. இருவருமே கொஞ்ச நேரம் அதை நிறுத்தவில்லை.

பிறகு வாசித்தோம். என் பாதியில் ஒரு இடம் உண்டு. மெட்டு மேலே ஏறும்போது நான் என்னையறியாமல் வேகம் பிடித்துவிடுவேன். பதினைந்து வயதிலிருந்தே அந்த இடத்தில் நான் ஓடுவேன். அன்றைக்கும் ஓடினேன். வயலினிலிருந்து கண்ணை எடுக்காமல், தாடையை எடுக்காமல், அவள் சொன்னாள்:

"ஓடாதடி."

நான் ஓடவில்லை. அடுத்த அடியை அவளோடு வைத்தேன்.

ஸ்வீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சேர்ந்து பாடும் 18 வயது மாணவர்களின் இதயத் துடிப்பை அளந்து 2013-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வாக்கியங்கள் ஒழுங்காக அமைந்த பாட்டை எல்லோரும் சேர்ந்து பாடும்போது, எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்குகிறார்கள். மூச்சோடு சேர்ந்து இதயத் துடிப்பும் கூடிக் குறைவதால், அந்தக் கூடலும் குறைதலும் ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகின்றன. இதில் மாயம் ஒன்றும் இல்லை, மூச்சுதான். ஆனால் ஒருத்தி எங்கே மூச்சு வாங்குவாள் என்று தெரிந்து அங்கேயே நீயும் மூச்சு வாங்கும்போது, அவளை எதிரியாக நினைத்துக்கொண்டிருப்பது கஷ்டம். அதை நான் அன்றைக்கு உடம்பால் தெரிந்துகொண்டேன்.

இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரை இசையைப் புகழ்வதாக ஆகிவிடும். எனக்குச் சொல்ல வேண்டியது வேறு.

அமெரிக்கப் பாடகர்கள் பால் சைமன், ஆர்ட் கார்ஃபன்கல் இருவரின் கதை எனக்கு அப்புறம்தான் தெரிய வந்தது. படித்தபோது உடம்பு சில்லிட்டது. இருவரும் 1941-ல் பிறந்தவர்கள், பள்ளித் தோழர்கள். பதினாறு வயதை ஒட்டி, 1957-ல், 'டாம் அண்ட் ஜெர்ரி' என்ற பெயரில் சேர்ந்து ஒரு இசைத்தட்டு வெளியிட்டார்கள். அது ஓரளவு பிரபலமும் ஆனது. உடனேயே சைமன், தோழனிடம் சொல்லாமல், வேறு பெயரில் தனியாக ஒரு தட்டு பதிவு செய்தார். கார்ஃபன்கல் அதைத் துரோகமாகவே எடுத்துக்கொண்டார். சில வருடம் கழித்து மறுபடி சேர்ந்தார்கள், உலகமே கேட்கும் பாட்டுகளைக் கொடுத்தார்கள், 1970-ல் பிரிந்தார்கள். 1981 செப்டம்பர் 19 அன்று நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் திரும்பவும் சேர்ந்து பாடியபோது சுமார் 5 லட்சம் பேர் கூடினார்கள். அப்புறமும் பிரிந்தார்கள். பதின்வயதில் பட்ட அந்தக் காயத்தைப் பற்றி கார்ஃபன்கல் பல பத்தாண்டுகள் கழித்தும் பேசியிருக்கிறார். 2024-ல், இருவரும் எண்பதைத் தாண்டிய பிறகு, ஒரு மதிய உணவில் சந்தித்ததைப் பற்றிப் பேட்டியில் சொன்னார். இத்தனை வருடம் ஏன் பார்த்துக்கொள்ளவே இல்லை என்று கேட்டாராம். தான் எப்போதோ ஒரு பேட்டியில் சொன்னது சைமனை எவ்வளவு புண்படுத்தியது என்று அப்போதுதான் தெரிய வந்ததாம். அங்கேயே அழுதிருக்கிறார்.

அவர்கள் குரல்கள் அவ்வளவு நெருக்கமாகச் சேர்ந்தன. 5 லட்சம் பேர் முன்னால் சேர்ந்தன. ஆனால் சொல்ல வேண்டியதை அந்தக் குரல்கள் சொல்லிவிடவில்லை. அதற்கு ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் பேச்சும் தேவைப்பட்டன.

எங்களுக்கும் அப்படித்தான். மூன்று மாதம் வாராவாரம் வாசித்தோம், பழைய விஷயத்தைத் தொடாமல். வாசிக்கும் வரை நன்றாக இருக்கும், கருவியை உள்ளே வைத்ததும் அறை குளிர்ந்துவிடும். ஒரு நாள் என் கிட்டாரில் கம்பி அறுந்தது. புதுக் கம்பியை நான் மாட்ட, அவள் நுனியைப் பிடித்து இழுத்து விறைப்பாக வைத்திருந்தாள். இருவருக்கும் பார்வை அந்தத் திருகாணியின் மேல்தான். சுற்றிக்கொண்டே சொன்னேன்.

"அன்னைக்கு மேடையில தலையாட்டினேன்ல. அது தப்பு. மெட்டு உன்னோடது. உன்கிட்ட ஆரம்பிச்சுதான் எனக்கு மீதி வந்துச்சு."

'பரவாயில்லை' என்று அவள் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இதை நீ வாயால சொல்லிக் கேக்கணும்னு இருந்துச்சு" என்றாள். கம்பி அவள் விரலில் இன்னும் இறுகிக்கொண்டிருந்தது. "உங்க வீட்டு விஷயத்தை நான் சொல்லியிருக்கக் கூடாது. உனக்கு வலிக்கணும்னே சொன்னேன்டி."

"தெரியும்."

"தெரியும்னு எனக்கும் தெரியும்."

அவ்வளவுதான். கம்பி ஏறியது. புதுக் கம்பி ஒரு இடத்தில் நிற்காது. இழுபட இழுபடச் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும், அடிக்கடி சரி செய்ய வேண்டும். அன்று மாலை முழுக்க அதைச் செய்துகொண்டிருந்தோம்.

எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். வீட்டு விஷயங்களை அவளிடம் மறுபடி சொல்ல எனக்கு நாலு வருடம் ஆனது. புதிதாக எதையாவது அமைத்தால், இதை யார் போட்டது என்று அவள் பென்சிலால் தாளின் ஓரத்தில் குறித்து வைப்பாள். முதல் தடவை பார்த்தபோது வலித்தது. அது அவளுக்குத் தேவை என்று பிறகு புரிந்தது. இப்போது நானே குறித்துவிடுகிறேன். ஆக்ஸ்ஃபோர்ட் ஆய்வாளர்களின் ஒரு கட்டுரை 2015-ல் வந்தது. பெரியவர்களுக்கான பாட்டு வகுப்பு, கைவினை வகுப்பு, எழுத்து வகுப்பு மூன்றையும் ஏழு மாதம் கவனித்திருந்தார்கள். பாடியவர்கள்தான் முதலில் வேகமாக நெருங்கினார்கள். ஏழு மாதம் முடிந்தபோது மூன்று வகுப்பினரும் ஏறக்குறைய ஒரே அளவு நெருங்கியிருந்தார்கள். எனக்கு இது ஆறுதலான முடிவு. முதல் எட்டை இசை சீக்கிரம் எடுத்து வைக்கிறது. மீதித் தூரத்தை எல்லோரையும் போல நாமும் நாள்கணக்கில் நடக்க வேண்டியதுதான்.

இப்போது பதின்வயதுப் பிள்ளைகளுக்கு கிட்டார் சொல்லிக்கொடுக்கிறேன். போன வாரம் வரை ஒட்டிக்கொண்டு வந்த இரண்டு பேர் திடீரென்று அறையின் இரண்டு மூலையில் உட்காருவார்கள். என்ன நடந்தது என்று நான் கேட்பதில்லை. கை குலுக்கச் சொல்வதே இல்லை. ஒருவரை ஒரே சுரத்தை நீளமாகப் பிடித்துக்கொண்டிருக்கச் சொல்கிறேன், இன்னொருவரை அதன் மேல் மெட்டு வாசிக்கச் சொல்கிறேன். கொஞ்ச நேரத்தில் மாற்றிக்கொள்ளச் சொல்வேன். தாங்கிப் பிடிப்பது எவ்வளவு கவனம் கேட்கும் வேலை என்று இருவருக்கும் தெரிய வேண்டும். பல நேரம் ஒன்றும் நடக்காது, வாசித்துவிட்டுத் தனித்தனியாகப் போய்விடுவார்கள். அதுவும் சரிதான். ஒருவர் இன்னொருவரைத் தொடர்ந்து வதைத்திருக்கிறார் என்று தெரிந்தால் சேர்த்து உட்கார வைக்கவே மாட்டேன். அங்கே தேவைப்படுவது பாதுகாப்பு. இரண்டு பக்கமும் வருத்தமும் இரண்டு பக்கமும் ஏக்கமும் இருக்கிற இடத்தில்தான் இது உதவுகிறது. அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், அந்தப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்க எவ்வளவு பாடுபடுகிறார்கள் என்று கவனிப்பேன். நான் பட்ட பாடு அது.

அந்த மெட்டை முழுசாக நாங்கள் ஒருமுறை பதிவு செய்திருக்கிறோம், அதே மாடி அறையில், ஒரே போனில். மொத்தம் 2 நிமிடம் 50 விநாடி. அதில் முதல் 40 விநாடி நாங்கள் சுருதி சேர்ப்பதுதான். வெட்டிவிடலாமா என்று அவள் கேட்டாள், வேண்டாம் என்றேன். ஓட விட்டால் முதலில் அந்த விம்மல் கேட்கும். வேகமாக, அப்புறம் மெதுவாக, அப்புறம் இன்னும் மெதுவாக. அது அடங்கியதும், அவள் வில்லைத் திருப்புவதற்கு முன் மூச்சு இழுக்கும் சத்தம் வரும்.

இப்போதும் அந்த மூச்சு காதில் விழுந்தால் என் இடது கை தானாகவே முதல் கார்டுக்குப் போய்விடும்.